கத்தாத ஊரில் ஒரு கத்தல் சோதனை

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். கிளென்லோகனில் அது செல்லாது. இங்கே பிள்ளை அழுதால் ஊரே திரும்பி அதன் அம்மாவைத்தான் பார்க்கும். கூரை பறந்து போனவனிடம் எப்படி இருக்கிறாய் என்று கேளுங்கள், "மோசமில்ல" என்பான். கால் முறிந்து கட்டுப் போட்டவனும் அதையேதான் சொல்வான். தெற்குத் தீவின் இந்தக் கடைக்கோடியில் குறை சொல்வது என்பது சர்ச்சில் ஏப்பம் விடுவதற்குச் சமம்.

இந்த ஊரில் பிறந்து, இங்கேயே கல்யாணமும் செய்து, ஐம்பத்திரண்டு வயதாகியும் எனக்கு இது மறந்துபோனது. அந்தக் கதைதான் இது.

என் பெயர் எல்ஸ்பெத் ராய். ஆற்றுக் காவல் குழுவில் சம்பளம் வாங்கும் ஒரே ஆள், அதுவும் அரை நாள் ஆள். லோகன் ஆறு ஏறினால் ஊருக்குச் சொல்ல வேண்டியது என் வேலை. உண்மையில் சொல்வது நான் இல்லை, கணினி. எனக்கு முன்னால் இருந்த ரோரி, பதினாறு தானியங்கி வேலைகளை எழுதி வைத்துவிட்டு ஆஸ்திரேலியாவுக்குச் சுரங்க வேலைக்குப் போய்விட்டான். ஒவ்வொரு வேலையும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, ஆற்றை அளக்கிற கம்பெனியின் கணினியிடம் போய் "இப்போது எவ்வளவு?" என்று கேட்கும். ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் யாருக்கோ எச்சரிக்கை மெசேஜ் போகும். தாண்டாவிட்டாலும் காலை ஆறு மணிக்கு ஒரு வரி போகும்: 'லோகன் 0.9 மீட்டர். எல்லாம் சரி. – எல்ஸ்பெத்.' முன்பு அந்த இடத்தில் ரோரி என்று இருந்தது. அதை அழித்து என் பெயரைப் போட்டதுதான் மூன்று வருடத்தில் நான் செய்த ஒரே திருத்தம்.

மே மாதக் கடைசியில் கம்பெனியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஜூலை ஒன்றாம் தேதி பகல் பன்னிரண்டு மணியோடு பழைய சாவி செல்லாதாம். சாவி என்றால் கதவுச் சாவி இல்லை, நீளமான ஒரு எழுத்துக் கோவை. அதைக் காட்டினால்தான் அவர்கள் கணினி நம் கணினிக்கு வாயைத் திறக்கும். விண்ணப்பித்தால் புதுச் சாவி தருவார்கள். ஆனால் புதுச் சாவிக்கு ஒரு நாளைக்கு இருநூறு கேள்விதான். நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நாங்கள் ஒரு நாளைக்கு நாலாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் தடவை கேட்டுக்கொண்டிருந்தோம். அந்தக் கம்பெனி இத்தனை வருடம் எங்களை எப்படிப் பொறுத்துக்கொண்டது என்றே தெரியவில்லை.

குழுத் தலைவி நோலா பிரிங்கிளிடம் போனேன். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பேருந்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னு கொறச்சாலும் பதினாறுல ரெண்டோ மூணோதான் மிஞ்சும் நோலா."

"எந்த ரெண்டு மூணு?"

"அதான் தெரியல. யாருக்குப் போகுதுன்னே எழுதி வைக்கல அந்தப் புண்ணியவான். போன் நம்பர்ல கடைசி மூணு எண்தான் தெரியுது. ஒண்ணாம் நம்பர் மட்டும் தீயணைப்பு நிலையத்துச் சங்குக்குப் போகுது. அது மூணு மீட்டர்ல ஊதும்."

"மூணு மீட்டர் வர்றதுக்குள்ள தாழ்வயல் எல்லாம் முழுகிடும்." நோலா குழாயை நிறுத்தினாள். "ஜூலைன்னா அங்க பூரா மாடு நிக்கும், எல்ஸ்பெத். அத்தனையும் சினை மாடு. நீ தப்பா ஒண்ண நிறுத்தி, அதுல ஒரு மாடு ஆத்தோட போச்சுன்னா என்ன ஆகும் தெரியுமா?"

"என்ன ஆகும்? திட்டுவாங்க."

"திட்டினா தாங்கிக்கலாமே. ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சாகுற வரைக்கும் சொல்ல மாட்டாங்க."

அவள் சொன்னது சத்தியம்.

ரோரிக்குப் போன் போட்டேன். பின்னால் லாரி உறுமிக்கொண்டிருந்தது. "யாருக்கு எதுன்னு ஞாபகமில்லையே எல்ஸ்பெத். பப்புல பீர் குடிக்கறப்ப யாராவது கேப்பாங்க, மறுநாள் எழுதிப் போட்டுருவேன். ஆனா எல்லாம் ஓடுதில்ல?" என்றான். ஓடுகிறது என்றேன். "அப்பறம் என்ன?" என்று வைத்துவிட்டான்.

அடுத்து, கடை வாசலில் அறிவிப்பு ஒட்டினேன்: 'ஆற்று மெசேஜ் யாருக்குத் தேவையோ அவர்கள் பெயர் எழுதவும்.' ஒரு வாரத்தில் அதன் கீழே ஐந்து வரிகள் சேர்ந்தன. ஒன்றிலும் பெயர் இல்லை. 'மத்தவங்களுக்குக் குடுங்க, எனக்குப் பரவாயில்ல.' 'நான் சமாளிச்சுப்பேன்.' 'என்னைப் பத்திக் கவலைப்படாதீங்க.' முர்டோ கெயர்ட் அந்தத் தாளின் முன்னால் பத்து நிமிடம் நின்றதை நானே பார்த்தேன். நூற்று முப்பது கிடாரிகள் வைத்திருக்கிறவர், தனி ஆள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயந்தவர் போல இருப்பார்.

"என்ன முர்டோ, உங்களுக்கு வேணுமா?"

"ம்," என்றார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். அந்த 'ம்' வேண்டும் என்கிற 'ம்'மா, வணக்கம் என்கிற 'ம்'மா என்று கண்டுபிடிக்க எந்தக் கம்பெனியிடமும் சாவி இல்லை.

இந்த நேரத்தில்தான் ஆக்லாந்திலிருந்து இணையத்தில் நடந்த ஒரு வகுப்பில் சேர்ந்தேன். நடத்தியவன் காதில் வளையம் போட்ட, ரொம்ப உற்சாகமான ஆள். "எந்த வேலையை யார் பயன்படுத்துறாங்கன்னு தெரியலையா? யார்கிட்டயும் சொல்லாதீங்க. நிறுத்திப் பாருங்க. தேவைப்படறவன் கத்துவான். கத்தினா திருப்பிப் போடுங்க. கத்தலையா, தூக்கிக் குப்பையில போடுங்க. இதுக்குப் பேரே கத்தல் சோதனைதான்!" என்றான். ஆக்லாந்தில் காபியில் நுரை குறைந்தாலே கத்துவார்கள். அவன் ஊருக்கு அது சரி. எனக்கு எங்கே போச்சு புத்தி?

ஜூன் பன்னிரண்டில் தொடங்கினேன். இங்கே ஜூன் என்றால் நல்ல உறைபனிக் காலம், வானத்தில் மேகமே இல்லை, ஆறு தரையோடு தரையாகக் கிடந்தது. சோதனை செய்ய இதைவிட நல்ல சமயம் வராது என்று நினைத்தேன். சங்கை மட்டும் விட்டுவிட்டு, தினம் மத்தியானம் ஒரு வேலையை நிறுத்தினேன். எதை, எந்தத் தேதியில் நிறுத்தினேன் என்று நோட்டில் எழுதிக்கொண்டு போன் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

கிணற்றில் போட்ட கல்தான். ஒரு போன் இல்லை, ஒரு மெசேஜ் இல்லை.

போன் வரவில்லையே தவிர, அந்த இரண்டு வாரமும் எங்கள் வீட்டு வாசலுக்கு என்ன யோகமோ தெரியவில்லை. ஒரு நாள் கதவைத் திறந்தால் சூடாக சீஸ் ரோல், இரண்டு டஜன். மறுநாள் பேரீச்சம்பழம் போட்ட ஸ்கோன் ரொட்டி. அதற்கு அடுத்த நாள் ஆட்டுக்கறி சூப், பானையோடு. முட்டையும் பன்றிக்கறியும் வைத்துச் சுட்ட 'பை' அப்பம் ஒன்று. இஞ்சிக் கேக் மூன்று வீட்டிலிருந்து. எல்லா டப்பாவின் அடியிலும் வழக்கம்போல ஒட்டுத்தாளில் வீட்டுப் பெயர். யாரும் கதவைத் தட்டவில்லை. வைத்துவிட்டுப் போயே போய்விட்டார்கள். கடைக்குப் போனால் என்னைப் பார்த்துத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "எப்படி இருக்க எல்ஸ்பெத்?" என்று இழுத்துக் கேட்டார்கள். "மோசமில்ல," என்றேன், இங்கே வேறென்ன சொல்வது. அதைக் கேட்டதும் அவர்கள் முகம் இன்னும் வாடியது.

"ஊருக்கு உன்மேல திடீர்னு என்ன பாசம்?" என்றார் என் வீட்டுக்காரர் வாலஸ், ஆறாவது சீஸ் ரோலைக் கடித்துக்கொண்டே. ஆட்டு மயிர் கத்தரித்தே முழங்கால் இரண்டும் தேய்ந்து, இப்போது நாற்காலியே கதியாகக் கிடக்கிறார்.

"மூணு வருஷமா உழைக்கறேனே, இப்பத்தான் கண்ணுல பட்டிருக்கு," என்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்படித்தான் நம்பினேன்.

எரிச்சலூட்டியது ஒன்றே ஒன்றுதான். ஜூன் இருபத்தொன்றாம் தேதி காலை எங்கள் கேட் கம்பத்தின்மேல் ஒரு மஞ்சள் டர்னிப் கிழங்கு இருந்தது. மாட்டுக்குப் போடுகிற பெரிய ஜாதி, சேறு காயாமல். பெயர் இல்லை, ஒன்றும் இல்லை. ஏதோ லாரியிலிருந்து விழுந்ததை யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். மறுநாள் இரண்டு. அதற்கு மறுநாள் மூன்று. கம்பத்தின்மேல் இடம் போதாமல் கீழே அடுக்கியிருந்தது. நாளுக்கு ஒன்று கூடிக்கொண்டே போனது, கடைசியில் உரச் சாக்கில் கட்டி வைக்கிற அளவுக்கு.

"எவனோ கிண்டல் பண்றான்," என்று நான் பல்லைக் கடித்தேன்.

"கிண்டல்னா இவ்ளோ சுமப்பானா?" என்றார் வாலஸ். நான் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் சொல்வதைக் காதில் வாங்கும் பழக்கம் எனக்கு இல்லை.

ஜூன் இருபத்தொன்பதில் குழுவுக்கு எழுதினேன்: 'பதினைந்து வேலைகளையும் நிறுத்திப் பார்த்தாயிற்று. ஒருவர்கூடக் கேட்கவில்லை. சங்கு மட்டும் போதும்.' எழுதிவிட்டு இஞ்சிக் கேக் ஒரு துண்டு சாப்பிட்டேன். அன்று இரவே பனி விட்டது. மலையில் இரண்டு நாள் கனமழை என்று வானொலியில் சொன்னார்கள்.

மறுநாள் காலை, பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்ட கையோடு நோலா வந்தாள். ஒரு கையில் என் கடிதம், மறு கையில் ஸ்பாஞ்ச் கேக். ரொம்ப மெதுவாக உட்கார்ந்தாள், சாவு வீட்டில் உட்காருவது மாதிரி.

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"எந்த டாக்டர்?"

"மறைக்காத எல்ஸ்பெத். உடம்புக்குன்னா எல்லாருக்கும் வர்றதுதான்."

"எனக்கு என்ன உடம்புக்கு? பாரு, கன்னம் ரெண்டும் உப்பிக் கெடக்கு, உங்க கேக்கெல்லாம் தின்னு!"

நோலா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்பறம் ஏண்டி காலைல மெசேஜ் அனுப்பறத நிறுத்தின? எச்சரிக்கையத்தான் கம்ப்யூட்டர் அனுப்புது, காலை வரிய நீ ஆறு மணிக்கு எழுந்து உக்காந்து ஒவ்வொருத்தருக்கும் உன் கையால தட்டி அனுப்பறதாத்தானே ஊரே நெனச்சுட்டு இருக்கு. கீழ உன் பேரு இருக்கே! ஒவ்வொரு வீடா மெசேஜ் நிக்க நிக்க, பாவம், எழுந்திருக்கக்கூட முடியல போலன்னு..."

என் வாயில் இருந்த கேக் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"உனக்கும் மெசேஜ் வருமா நோலா?"

"வராம? ஆத்துத் துறையில பஸ்ஸு எறங்கலாமா வேணாமான்னு அதப் பாத்துத்தானே கெளம்புவேன். பத்து நாளா அஞ்சு மணிக்கு எழுந்து, டார்ச்ச எடுத்துட்டுப் போய், தண்ணியில குச்சிய விட்டுப் பாத்துட்டு வரேன்."

"நீ தலைவியாச்சே! ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"ஊருக்கெல்லாம் குறையப்போகுதுன்னு நீ சொன்ன. தலைவியோடத மொதல்ல நிறுத்தியிருக்கான்னு நெனச்சேன். அத எப்படி நானே கேக்கறது?"

நோட்டைக் கொண்டுவந்தேன். சமையலறை மேசையில் இருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தோம். நான் ஒரு வேலையை நிறுத்திய தேதி, அதற்கு ஒரு நாள் இரண்டு நாள் கழித்து ஒரு டப்பா. வேலை இரண்டு, சீஸ் ரோல். வேலை மூன்று, ஸ்கோன். ஒன்றுகூடப் பிசகவில்லை. ஊர் இரண்டு வாரமாகத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறது. நானும் இவரும் அதை வெண்ணெய் தடவித் தின்றிருக்கிறோம்.

பத்து நாள் பிந்தி வந்த நோலாவின் கேக்கையும் சேர்த்துப் பதினான்கு டப்பா. நிறுத்தியது பதினைந்து வேலை. ஒன்பதாம் நம்பர் மட்டும் தனியாக நின்றது. ஜூன் பத்தொன்பதில் நிறுத்தியது. அளவு ஒன்று புள்ளி எட்டு மீட்டர், எல்லாவற்றிலும் தாழ்ந்த அளவு.

"இதுக்கு யாரும் எதுவும் கொண்டுவரல," என்றேன்.

"அந்த டர்னிப்பு?" என்றார் வாலஸ் நாற்காலியிலிருந்து. "இருபதாம் தேதி மெசேஜ் வந்திருக்காது. இருபத்தொண்ணுலேந்து வருது. அதுல ஒட்டியிருக்கறது கருப்பு மணலு. ஆத்தோரத்துல, கடைசி வளைவுல மட்டுந்தான் அந்த மணலு இருக்கு. கேக் சுடத் தெரியாத ஆம்பளைக்கு வயல்ல இருக்கறதுதானே கெடைக்கும்?"

கடைசி வளைவு முர்டோ கெயர்டின் தாழ்வயல். நூற்று முப்பது கிடாரிகளும் அங்கேதான் நின்றன. வெளியே கூரையில் மழை விழத் தொடங்கியிருந்தது.

முர்டோவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. எப்போதும் எடுக்கமாட்டார், போன் வண்டியில் கிடக்கும், காலையிலும் மத்தியானமும் ஒரு பார்வை பார்ப்பார். நோலா அவர் வீட்டுக்கே போய் வந்தாள். ஆள் இல்லை, கதவிடுக்கில் சீட்டு எழுதிச் செருகிவிட்டு வந்தாளாம்.

நான் கணினியின் முன்னால் உட்கார்ந்தேன். பதினைந்தையும் மறுபடி ஓடவிட்டேன். ஆனால் மறுநாள் பகல் பன்னிரண்டுக்குப் பழைய சாவி செத்துவிடும். புதுச் சாவி கையில் இருந்தது, அதில் இருநூறு கேள்விதான். பதினாறு வேலைகள் அதை ஒரு மணி நேரத்தில் தின்று தீர்த்துவிடும், அதன் பிறகு நாள் முழுக்க ஊமை. எதை விடுவது, எதை வைப்பது? சூப் அனுப்பியவளையா, ஸ்கோன் அனுப்பியவளையா? அழுகை அழுகையாக வந்தது.

"எதுக்கு இப்ப மூக்க உறிஞ்சற?" என்றார் வாலஸ்.

சொன்னேன். இவருக்கு டிவி ரிமோட்டில் சத்தம் குறைக்கத் தெரியாது. இருந்தாலும் சொன்னேன், வேறு யாரும் இல்லை.

தாடையைச் சொறிந்தார். "பதினாறு பேரும் தனித்தனியா ஆத்துக்குப் போய்ப் பாக்கணுமா? ஒருத்தன் பாத்துட்டு வந்து மத்தவங்ககிட்ட சொன்னா ஆகாதா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஏனென்றால் அவர் சொன்னது முழுக்க முழுக்கச் சரி. ஒரே ஒரு வேலை மட்டும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்டால் நாளுக்கு நூற்று நாற்பத்து நாலு கேள்வி. அந்தப் பதிலை ஓரிடத்தில் எழுதி வைத்தால் மற்ற எல்லாம் அங்கே பார்த்துக்கொள்ளும். ரோரியும் இந்த ஊர்க்காரன்தான். பக்கத்து வேலையிடம் கேட்பதுகூடத் தொந்தரவு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே நடக்கவிட்டிருக்கிறான்.

அன்று முழுக்கவும் மறுநாள் காலையும் மாற்றி எழுதினேன். இரண்டு தடவை எல்லாமே நின்றது, ஒரு தடவை சங்குக்கு மெசேஜ் போய் தீயணைப்புக்காரர்கள் பேன்ட் போடாமல் ஓடிவந்தார்கள். வந்தவர்கள், "பரவாயில்ல, நல்ல பயிற்சி," என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பதினொன்று ஐம்பதுக்கு முடித்தேன். பன்னிரண்டுக்குப் பழைய சாவி செத்தது. பன்னிரண்டு பத்துக்குப் புதுச் சாவியில் முதல் பதில் வந்தது: 1.4 மீட்டர். திரையைத் தொட்டுக் கும்பிடாத குறைதான்.

ஒன்றரை மணிக்கு 1.6. இரண்டு இருபதுக்கு 1.8. ஒன்பதாம் நம்பர் கிளம்பியது. மெசேஜ் போனது என்று கணினி சொன்னது. போனது சரி, அவர் பார்த்தாரா? பத்து நிமிடம்கூட என்னால் உட்கார முடியவில்லை. வாலஸை முழங்காலோடு காரில் ஏற்றிக்கொண்டு பாய்ந்தேன்.

மேட்டில் ஏறியதும் தெரிந்தது. ஆறு பழுப்பாக விரிந்து, டர்னிப் வரிசைகளுக்கு நடுவே நாக்கு நாக்காக உள்ளே வந்துகொண்டிருந்தது. கிடாரிகள் ஒரே கூட்டமாக மேல் கேட்டுக்குள் ஏறிக்கொண்டிருந்தன. கடைசி நாலைந்துக்கு முழங்கால் வரை தண்ணீர். அவற்றின் பின்னால் இரண்டு நாய்கள், அதற்குப் பின்னால் முர்டோ. கடைசி மாடும் ஏறியது. முர்டோ கேட்டைச் சாத்தி, சங்கிலியை மாட்டினார்.

நான் காரை நிறுத்தி, மழையிலேயே வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"முர்டோ! மெசேஜ் வந்துச்சா?"

"ம்."

"நேரத்துக்கு வந்துச்சா?"

அவர் வயலைப் பார்த்தார். அரை மணி முன்பு மாடு நின்ற இடத்தில் இப்போது வேலிக் கம்பங்களின் மேல்பாதி மட்டும் தெரிந்தது.

"மோசமில்ல," என்றார்.

பிறகு என்னை முழுசாக ஒரு தடவை பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் அடுத்துப் பேசியதுதான், நான் அறிந்து முர்டோ கெயர்ட் பேசிய மிக நீண்ட பேச்சு.

"உடம்பு தேவலையா பொண்ணே? டர்னிப்பு போதுமா, இன்னும் கொண்டாரட்டுமா?"

"போதும் முர்டோ, போதும்," என்றேன். மழை பெய்ததால் என் முகத்தில் இருந்ததை அவர் கவனித்திருக்க மாட்டார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு என் போனும் ஒலித்தது. பதினேழாவதாக என்னையும் சேர்த்துக்கொண்டிருந்தேன். 'லோகன் 2.3 மீட்டர். இறங்குகிறது. – எல்ஸ்பெத்.' கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். படியில் ஒரு டப்பாவும் இல்லை. கேட் வரை போனேன். கம்பத்தின்மேல் ஒன்றும் இல்லை, கீழேயும் இல்லை. ஈரக் கம்பம் மட்டும் நின்றது. இத்தனை வருடத்தில் இந்த ஊர் எனக்குக் கொடுத்த பாராட்டுகளில் அதுதான் பெரியது.

உள்ளே வந்தேன். மேசையில் பதினான்கு காலி டப்பாக்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எந்த வீட்டிலும் கிடையாது. கார் கொட்டகையில் ஐம்பத்தைந்து டர்னிப் இருந்தது.

"இன்னிக்கு எத்தனை?" என்று படுக்கையிலிருந்து வாலஸ் கேட்டார்.

"ஒண்ணுகூட வரல."

"அப்ப எல்லாம் சரி," என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் கத்தியை எடுத்து முதல் டர்னிப்பைத் தோல் சீவ ஆரம்பித்தேன்.